ஹெலன், லெஃப்ட்டு

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்திலும் கால்கள் காருக்கு வெளியே தெருவிலும் இருந்தன. சர்ச் விட்டு வந்த ஜனங்கள் ஒவ்வொருவராக நின்று என் கால்களை நலம் விசாரித்தார்கள். "யாரு, சாம்சனா? இன்னாடா, வண்டி பேஜாரு பண்ணுதா?" கால் கட்டைவிரலை ஆட்டிப் பதில் சொன்னேன். நாற்பத்தெட்டு கிலோ எடையுள்ள ஒருவனை, பைபிளில் வரும் பலசாலியின் பெயரால் சாம்சன் என்று கூப்பிடும்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வருகிறது. அதை நான் சமூக சேவையாக எடுத்துக்கொள்கிறேன்.

எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இருநூற்று முப்பது கிலோவோல்ட் மின்பாதையில் எவ்வளவு மின்சாரம் வழியிலேயே வீணாகிறது என்று ஆறு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு நிரூபிப்பேன். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஏன் எரியவில்லை என்பது பாடத்திட்டத்தில் இல்லை. எங்கள் காரின் இடது பக்க இண்டிகேட்டர் எரியவில்லை. இன்று நேற்று அல்ல, ஒன்பது வருடமாக.

ஒன்பது வருடம் அது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த வேலையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பாக்கியராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஸ்டீல் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை. அம்மா ஹெலன் அதே சிப்காட்டில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் டேப் சுற்றுகிறவள். இருவருக்கும் முதல் ஷிஃப்ட். காலை ஐந்தேகாலுக்குக் கவரைப்பேட்டையிலிருந்து கிளம்புவார்கள். போகும்போது மூன்று இடது திருப்பம், வரும்போது நான்கு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் முன்னால் அப்பா, "ஹெலன், லெஃப்ட்டு" என்பார். அம்மா ஜன்னலுக்கு வெளியே இடது கையை நீட்டுவாள். பின்னால் வரும் லாரிக்காரனுக்குப் புரிந்துவிடும். வெயிலில் நீட்டி நீட்டி அம்மாவின் இடது கை வலது கையைவிட ஒரு கோட்டிங் கறுப்பு. இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் காட்டி, "இது கம்பெனிக்காரி, இது கார்க்காரி" என்பாள்.

அப்பா குறைவாகப் பேசுவார் என்று எழுதினால் அவர் கொஞ்சமாவது பேசுவார் என்று அர்த்தமாகிவிடும். மில்லில் ஃபர்னஸ் சத்தத்துக்கு நடுவே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லாம் கை ஜாடைதான். ஒரு விரல் என்றால் ஏற்று, இரண்டு என்றால் நிறுத்து, உள்ளங்கை என்றால் போதும். இருபத்தெட்டு வருடம் அந்த மொழியில் வேலை பார்த்தவர் அதையே வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டார். குழம்பு வேண்டாமா, உள்ளங்கை. ஃபேன் நிற்க வேண்டுமா, இரண்டு விரல். நான் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த மார்க்கைச் சொன்னபோது ஒரு விரலைக் காட்டினார். அது பாராட்டா, இன்னும் ஏற்று என்ற உத்தரவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் முன்பு அம்மாவின் கம்பெனி அவள் வேலை செய்த லைனை மொத்தமாக ஒரகடத்துக்கு மாற்றியது. ஹாஸ்டல் தருகிறோம், சில மாதம் வந்து பாருங்கள் என்றார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள். "ஒரகடத்துல போய் இருக்கணுமாம். போவட்டுமா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி" என்றார். வழக்கமாகக் கையைக் காட்டுகிற மனிதர், வாயைத் திறக்கத் தேவையில்லாத ஒரு நாளில் வாயைத் திறந்தார். அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்திருக்க வேண்டும். ரசம்தான் வந்தது, அதையும் அவளே ஊற்றினாள்.

முதலில் வாரம் விட்டு வாரம் வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. இப்போது இரண்டு மாதமாக வரவில்லை. வருகிற வியாழக்கிழமை நிரந்தரமாக ஒரகடத்திலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கணக்கு முடித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். இதை எனக்குப் போனில் சொன்னாள். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு ஒரு பழைய ஸ்டெபிலைசர் இருக்கிறது. கரன்ட் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் தானாக முன்வந்து பேசுவது அது ஒன்றுதான். ஒவ்வொரு 'டக்'குக்கும் நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்போம். பிறகு அவர் டிவிக்கும் நான் போனுக்கும் திரும்பிப் போய்விடுவோம்.

அம்மா இல்லாமல் அப்பா தனியாக வேலைக்குப் போனார். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் ஓரம் கட்டி நின்று, பின்னால் யாருமே வராத நேரம் பார்த்துத் திரும்புவார். சிப்காட் ரோட்டில் அப்படி ஒரு நேரம் வருவதற்குள் ஒரு மனிதன் ஷேவ் செய்து முடித்துவிடலாம். அதனால் வீட்டைவிட்டு அரை மணி முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தார். ரிப்பேர் செய்யலாமே என்று ஒருமுறை சொன்னேன். உள்ளங்கையைக் காட்டினார்.

போன புதன்கிழமை, காரின் ஆர்சி புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துத் தேதியின் மேல் விரலை வைத்தார். காருக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. செவ்வாய்க்கிழமையோடு சரி. அதற்குள் ஆர்டிஓ ஆபீஸில் காட்டிப் புதுப்பிக்காவிட்டால் ரோட்டில் எடுக்கக் கூடாது. திங்கட்கிழமைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வாங்கியிருந்தார். நான் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் போகவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரகடம் எவ்ளோ கிலோமீட்டரு?"

"தொண்ணூறுன்னு காட்டுதுப்பா."

தலையை ஆட்டினார். அப்பாவின் கணக்கில் அது ஒரு மேடைப் பேச்சு.

"பஸ்லயே போலாமே. இல்ல ட்ரெய்ன்ல செங்கல்பட்டு வரிக்கும் போய்ட்டு..."

உள்ளங்கை. எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் போய் இறங்கினால் ஹாஸ்டல் வாசலில் நின்று ஏதாவது சொல்லியாக வேண்டும். காரில் போய் நின்றால், கார் சொல்லிவிடும். ஆனால் இடது பக்கம் எரியாத காரை எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ண மாட்டார். ஆக, என் அம்மா வீட்டுக்கு வருவாளா என்பது ஒரு மஞ்சள் பல்பில் வந்து நின்றது.

சனிக்கிழமை தேசப்பன் அண்ணன் கடைக்குப் போனேன். பைபாஸ் ஓரம் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். ஒரு லாரியின் முன்பக்கத்துக்குள் இடுப்புவரை போயிருந்தார்.

"நைனா, ஒம்போது வருசம் முன்னாடியே உங்கப்பாகிட்ட சொன்னேன். ஸ்டியரிங் கீழ சுவிட்ச் செட்டு போச்சு, முழுசா மாத்தணும்னு. இன்னைக்கு வந்து கேக்கற. இந்த மாடலுக்கு செட்டு இப்ப எவங்கிட்ட இருக்குது? பழைய சாமான் கடையில தேடணும். அடுத்த வாரம் வா."

"திங்கக்கெழம இன்ஸ்பெக்‌ஷன்ணா."

"அப்ப உங்கம்மாவ இட்டுக்கினு போ. கை காட்டட்டும்." சொல்லிவிட்டு லாரிக்குள்ளிருந்தே சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து வெளியே வந்தார். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், பாதி நேரம் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்.

"பெரிய படிப்பு படிக்கற இல்ல? நீயே பாரு" என்று ஒரு டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக் கொடுத்தார். பேனா மாதிரி ஒரு குழல், உள்ளே குட்டி பல்பு, ஒரு முனையில் ஊசி, மறு முனையில் கொக்கி போட்ட வயர். "கொக்கிய வண்டி பாடியில மாட்டு. ஊசிய வயர்ல குத்து. எரிஞ்சா கரன்ட் இருக்குது, எரியலன்னா இல்ல. இதுக்கு மேல என்னாண்டயும் வித்தை ஒண்ணும் இல்ல நைனா."

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷிஃப்ட்டுக்கு மில் பஸ்ஸில் போய்விட்டார். கார் எனக்கு. முதல் வேலையாக ஃப்ளாஷரை மாற்றினேன். டிக் டிக் என்று சத்தம் போட்டு இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் சின்ன டப்பா அது. மாற்றி முடித்த பிறகுதான், வலது பக்கமும் இதே டப்பாவில்தானே இவ்வளவு நாள் ஒழுங்காக எரிகிறது என்ற உண்மை எனக்கு உதித்தது. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பின் சாரம் இதுதான். அடுத்து இடது பக்க பல்புகளைக் கழற்றி வலது பக்கம் போட்டேன். எரிந்தன. பல்பில் குறை இல்லை. திரும்ப மாட்டி லீவரை இடது பக்கம் தள்ளினேன். ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே சத்தமில்லாமை.

சலித்துப்போய் டாஷ்போர்டில் இருந்த சிவப்பு முக்கோண பட்டனை அழுத்தினேன். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டுவதற்கான பட்டன். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. ஆபத்து வந்தால் அழுத்தவேண்டியது என்று கார் விற்றவர் சொல்லியிருந்தார். எங்களுக்கு வந்த எந்த ஆபத்தும் விளக்குப் போட்டுச் சொல்கிற வகையாக இல்லை.

டிக். டிக். டிக்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான்கும் சிமிட்டின. இடது பக்கமும். முன்னால் இருந்த விளக்கின் கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சிலந்தி குடியிருந்தது. அதன் வலை முழுக்க மஞ்சளாக மின்னி மின்னி அணைந்தது. ஒன்பது வருடமாகச் செத்துப்போனதாக நாங்கள் நினைத்திருந்த பக்கத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. விளக்கு நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, கரன்ட் வந்தால் எரியத் தயாராக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு லீவரிலிருந்து கிளம்பி விளக்குக்குப் போகும் வழியில், ஸ்டியரிங்குக்கு அடியிலேயே எங்கோ இருக்கிறது. இப்படித்தான் என் தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியதும் ஸ்டியரிங்கின் கீழ்மூடி என் மூக்கில் விழுந்தது. உள்ளே ஒரு கட்டு வயர். போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விலக்கி, டெஸ்ட் லாம்ப் ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டு போனேன். பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு வயர் நடுவில் அறுந்திருந்தது. அறுந்திருந்தது என்பது தப்பு. கட்டர் வைத்து நேராக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று தொட்டுவிடாதபடி தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி மூடப்பட்டிருந்தன. ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று, சுருக்கமே இல்லாமல், அளந்து வைத்த மாதிரி. டேப் முடிகிற இடத்தில் முனையை ஒரு நகக்கண் அளவு மடித்து, சின்னதாக ஒரு காது.

அந்தக் காது எங்கள் வீடு முழுக்க இருக்கிறது. டிவி ரிமோட்டில், மாப்பு குச்சியில், மிக்சி பிளக்கில், என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்தபோது சுற்றிய டேப்பில். கம்பெனியில் காது வைத்தால் ரிஜெக்ட். முனை தெரியாமல் ஒட்ட வேண்டும், சூப்பர்வைசர் விரலால் தடவிப் பார்ப்பான். வீட்டில் அம்மா காது வைக்காமல் எதையும் சுற்ற மாட்டாள். "நாளைக்குப் பிரிக்கணும்னா பிடிக்க ஒரு எடம் வேணாமா?" என்பாள்.

நான் அப்படியே படுத்திருந்தேன். தெருவில் யாரோ என் காலிடம் ஏதோ கேட்டார்கள். காலுக்குப் பதில் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் குழாய்ச் சத்தமும் நாலைந்து பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"சாப்டியாடா?"

"கார்ல லெஃப்ட் இண்டிகேட்டர் பாத்துக்கினு இருக்கேன்மா. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்."

குழாயை மூடினாள். "தேசப்பன்தான் செட்டு மாத்தணும்னு சொன்னானே."

"ஸ்டியரிங் மூடியக் கழட்டிட்டேன்."

வாளியைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

"காதப் பாத்தேன்மா."

அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த பெண்களை விட்டு அவள் விலகி நடப்பது கேட்டது. மாடிப்படியாக இருக்க வேண்டும். சத்தம் ஏறிக்கொண்டே போய் நின்றது.

"உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"ஷிஃப்ட்ல இருக்காரு. ஏம்மா கட் பண்ண?"

"இந்தப் பழைய கார வாங்கின புதுசு. தெனம் கூடவே போறேன், கூடவே வரேன், ஒரு வார்த்த கெடையாது. ரேடியோ கூட இல்லாத கார் வேற. நான் பாட்டுக்கு வெளிய போற லாரி நம்பரப் படிச்சிக்கினு வருவேன். ஒரு நாளு லெஃப்ட்டு பல்பு போயிடுச்சு. திருப்பத்துல டக்குனு, 'ஹெலன், லெஃப்ட்டு, கையக் காட்டு'ன்னாரு. கல்யாணம் ஆயி பதிமூணு வருசம்டா அப்ப. அதுக்கு முன்னாடி எம் பேரச் சொன்னதே இல்ல. தொண்டயக் கனைப்பாரு. அதான் எம் பேரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ரெண்டு நாள்ல தேசப்பன் புது பல்பு போட்டான். மறுபடியும் லாரி நம்பரு." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "எனக்குத் தெரிஞ்ச வேல ஒண்ணுதான். ஒரு மதியானம் அவரு ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வந்து தூங்கும்போது போய் பண்ணிட்டேன்."

ஒரு நாளைக்கு ஏழு முறை. வாரத்துக்கு ஆறு நாள். எட்டு வருடத்துக்கு மேல். இருநூற்று முப்பது கிலோவோல்ட்டுக்குக் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு அதைப் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"நீ வந்துடும்மா."

"யாரு கேக்கறா? நீயா, அவரா?"

"நான்தான்."

"நீ அடுத்த வருசம் எங்கனா வேலைக்குப் போயிடுவ. அப்புறம் நான் அந்த ஊட்ல ஸ்டெபிலைசரு கூடவா பேசிக்கினு இருக்கறது?" பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "இங்க வெயிலே படல தெரியுமா. ரெண்டு கையும் ஒரே கலரா ஆயிடுச்சு" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நான் அப்பாவின் மகன்.

"சரி, வயர எப்படிச் சேக்கப் போற?" அவளே கேட்டாள். குரல் கம்பெனிக் குரலாகிவிட்டது. "பல்லால கடிக்காத. பிளேடால தோல எடு. செம்ப முறுக்கு, கடியாரம் சுத்தற பக்கமா. டேப்ப இழுத்து சுத்து, பாதி மேல பாதி. பேட்டரிய கழட்டினியா மொதல்ல?"

கழற்றியிருக்கவில்லை. கழற்றிவிட்டு வந்து, பழைய டேப்பைக் காதைப் பிடித்துப் பிரித்துக் கீழே போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் "ம்" சொல்லச் சொன்னாள். பதினான்கு "ம்" சொன்னேன். எட்டு மாதத்தில் நாங்கள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"காது வெச்சியா?"

"வெச்சேன்."

"ஏன்?"

"தெரியலம்மா."

"சரி" என்றாள். அப்பா சொன்ன அதே சரி. போனை வைத்துவிட்டாள்.

இரண்டரை மணிக்கு அப்பா வந்தார். தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணிமையில் ஃபர்னஸ் புகை. நான் ஒன்றும் சொல்லாமல் காருக்குள் உட்கார்ந்து லீவரை இடது பக்கம் தள்ளினேன். டிக், டிக். பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் லேசாக வந்து வந்து போனது. அப்பா பையைக் கீழே வைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல செய்தி கேட்ட மனிதர் மாதிரி இல்லை. ரொம்ப நாள் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவதைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

"ஒரு வயரு லூசா இருந்துச்சுப்பா" என்றேன். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த பொய். அம்மா வெட்டியது அம்மாவின் விஷயம்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"பழைய டேப்ப எங்க போட்ட?"

நான் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா குனிந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே கால்மிதியில் சுருண்டு கிடந்த இரண்டு பழைய டேப் துண்டுகளையும் பொறுக்கினார். காது மடிப்பை விரலால் ஒருமுறை நீவினார்.

"எப்பலந்து தெரியும்?"

இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு வருசமாவா?"

இல்லை என்று தலையசைத்தார். "ரெண்டாவது நாளு."

"ஒம்போது வருசமாவா? ஏம்ப்பா ஒட்ட வைக்கல?"

அப்பா யோசித்தார். அவர் ஒரு பதிலைத் தேடுவது, எங்கேயோ வைத்துவிட்ட சாவியைத் தேடுவது மாதிரி, உடம்பு முழுக்கத் தெரிந்தது.

"நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

"இத அம்மாகிட்ட சொல்லு."

உள்ளங்கையைத் தூக்கினார். பாதி தூக்கிய கை அங்கேயே நின்றது. பிறகு, அது தன் கையா என்று சந்தேகப்படுகிறவர் போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டேப் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரின் ரகசியமும் என்னிடம் இருந்தது. ஒரே ரகசியம், இரண்டு பக்கத்திலிருந்து. போனை எடுத்து எடுத்து வைத்தேன். நான் சொன்னால் அது செய்தி. அவர் சொல்ல வேண்டும். ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. இருவரும் தலையைத் தூக்கினோம்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் இன்ஸ்பெக்டர் அவசரத்தில் இருந்தார். சேஸிஸ் நம்பர் பார்த்தார், ஹாரன் அடிக்கச் சொன்னார், முன்னால் போய் நின்றார். "ரைட் போடு." அப்பா போட்டார். "லெஃப்ட்." அப்பா இடது பக்க சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக அந்த சீட்டில் யாரும் உட்காருவதில்லை. ஜன்னல் விளிம்பின் இரும்பு சுடாமல் இருக்க அம்மா விரித்த பூத்துண்டு இன்னும் அங்கேயே கிடக்கிறது. "லெஃப்ட் போடுய்யா, தூங்கறியா?" இன்ஸ்பெக்டர் பானட்டைத் தட்டினார். அப்பா லீவரைத் தள்ளினார். எரிந்தது. இன்ஸ்பெக்டர் பேப்பரில் ஏதோ கிறுக்கி, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். ஒன்பது வருடச் சமாசாரத்துக்கு அவர் ஒதுக்கிய நேரம் மூன்று சிமிட்டல்.

வெளியே வந்து பெரிய ரோட்டில் ஏறினோம். பகல் பன்னிரண்டு. கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வீடு நேராக வடக்கே. அப்பா லாரிகளுக்குப் பின்னால் ஒரே சீராக ஓட்டிக்கொண்டு போனார். பிறகு, நான் கேட்காமலேயே, கண்ணாடியில் என்னைப் பார்க்காமலேயே, "மூணு மணிக்குத்தான் வுடுவாங்க" என்றார். அவளுடைய ஷிஃப்ட் நேரம் அவருக்குத் தெரிந்திருந்தது. நானே கேட்டு வைத்துக்கொள்ளாதது.

சோழவரம் பக்கம் வெளிவட்டச் சாலை பிரிகிறது. நேரே போனால் கவரைப்பேட்டை. இடது பக்கம் ஏறினால் வண்டலூர், அங்கிருந்து ஒரகடம். அதற்கு ரொம்ப முன்னாலேயே அப்பா இடது இண்டிகேட்டரைப் போட்டார். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து எங்களுக்கு இடம் விட்டது. அந்த டிரைவர் எங்கள் குடும்பத்தை நம்பிவிட்டார்.

ஆனால் அப்பா திரும்பவில்லை. திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓரம் கட்டி நிறுத்தினார். லாரி ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போனது. கார் லேசாக ஆடியது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அந்தக் கறுப்பு டேப் இன்னும் துருத்திக்கொண்டிருந்தது. தொண்டையைக் கனைத்தார். என்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

மறுபடியும் கனைத்தார். உதடு எதையோ சொல்லிப் பார்த்தது, சத்தமில்லாமல்.

பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றி, காலி சீட்டின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, இடது பக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். எட்டு மாதம் மூடிக் கிடந்த கண்ணாடி கிறீச் கிறீச் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாதியில் சிக்கிக்கொண்டது. விடவில்லை. முழுக்க இறக்கினார். ரோட்டின் சூடான காற்று உள்ளே வந்து பூத்துண்டின் ஒரு முனையைத் தூக்கியது. அது ஜன்னலுக்கு வெளியே விழுந்து அசைந்துகொண்டிருக்க, இண்டிகேட்டர் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.